கூஜாத் தண்ணீர்

தென்னோலை நிழல் ஜீப்பின் மேல் அசைகிறது. ஆறுச்சாமி மண்டிபோட்டு ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைக் கழற்றுகிறான். செங்கல்லைக் கரைத்தாற்போல் துருத்தண்ணீர் கொட்டி அவன் கால்விரல்களைச் சுற்றி ஓடுகிறது. காலை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கூஜாத் தண்ணீரும் இதில்தான் இருக்கிறது. போன வாரம் மனைவி மயிலாத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சித்தூர் ரோட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அவளுக்கென்று எடுத்துப்போன தண்ணீரை முழுக்க இதற்குள்தான் ஊற்றினான். கொஞ்ச தூரம் போனதும் அவள் தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

குடம் குடமாக ஊற்றுகிறான். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சளும் வெளுத்து, கிணற்றுத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவே வெளியே வருகிறது. அவன் மறுபடியும் குடத்தைத் தூக்குகிறான். தங்கை சுப்பாத்தாள் சொம்போடு வந்து பக்கத்தில் நிற்கிறாள்.

"தெளிஞ்சிருச்சுங்கண்ணா. இன்னும் எத்தன கொடம் ஊத்துவீங்க? காத்தால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. இதயாச்சும் குடிங்க."

குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை வாங்குகிறான். ஒரு கணம் வாய்வரை போகிறது கை. பிறகு திரும்பி, சொம்பை ரேடியேட்டரின் வாயில் கவிழ்க்கிறான். வண்டி மடக் மடக்கென்று குடிக்கிறது.