வண்டி குடிக்குது

தண்டவாளத்தின் மேல் ஏறியதும் கார் இரண்டு தரம் இருமியது. நின்றது.

மகாராஜா சாவியைத் திருகினான். கர் கர் என்றது. பிடிக்கவில்லை.

"போடுங்க, மறுபடி போடுங்க" என்றாள் முத்துச்செல்வி. எட்டு மாத வயிற்றோடு பின் சீட்டில் இருந்தாள். டாக்டரிடம் காட்டத் தென்காசிக்குப் புறப்பட்ட பயணம். பக்கத்தில் மாமியார் முப்பிடாதியம்மாள்.

கேட்காரர் ஓடி வந்தார். "எடுங்கவே வண்டிய. செங்கோட்டை ரயில் வருது. கேட்ட மூடணும்."

"செல்வி, இறங்கு."

"கதவு திறக்க மாட்டேங்கு. கைப்பிடி சும்மா சுத்துது."

மகாராஜா இறங்கி வெளியிலிருந்து இழுத்தான். வரவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினான். அந்தக் கதவில் சாய்ந்தபடி முப்பிடாதியம்மாள் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. வாயில் எப்போதும்போல் கிராம்பு.

பின்னால் வந்த ஆட்டோ நின்றது. சுடலைமுத்து குதித்தான். பக்கத்து வீட்டுக்காரன்.

"அண்ணாச்சி, நீங்க ஸ்டீரிங்கப் பிடிங்க. நான் தள்ளுதேன்."

தோளைக் கொடுத்துத் தள்ளினான். சாரலில் செருப்பு வழுக்கியது. செருப்பை உதறிவிட்டுத் தள்ளினான். ஒரு சக்கரம் இறங்கியது. அப்புறம் மற்றவை.

கேட் விழுந்தது. ரயில் போன காற்றில் கார் ஆடியது. முத்துச்செல்வி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கயிறு கட்டி ஆட்டோவே காரை இழுத்தது. தென்காசியில் மெக்கானிக் ஹுஸைஃபாவின் பட்டறை. பெண்கள் இருவரும் எதிர்ப்பக்கக் கதவு வழியே இறங்கினார்கள்.

"சாவிய மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாண்டாம்" என்றான் ஹுஸைஃபா. பின் சீட்டில் காதை வைத்தான். "உய்ங்னு ஒரு சத்தம் வரணும். வரல."

குனிந்து, ரப்பர் சுத்தியலால் பெட்ரோல் டேங்கின் அடியில் இரண்டு தட்டு.

"இப்பம் போடுங்க."

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"தட்டினா ஓடுது, தட்டலன்னா நிக்குது. பெட்ரோல் பம்பு போச்சு. எத்தன நாளா இப்படி?"

"ஒரு மாசமா இழுத்து இழுத்துப் போகுது" என்றான் மகாராஜா. "மேடு கண்டா நின்னுருது. புளியரை மலைப்பக்கமே போக முடியல."

"மலைக்கு அங்கிட்டு கேரளாக் கள்ளுக்கடைக்குப் போக முடியலன்னு சொல்லுங்க" என்றாள் முத்துச்செல்வி. "சனிக்கிழமை தவறாமப் போவாவ. இவுக அப்பாவும் குடிச்சிட்டு வரும்போது அந்த மலை வளைவுலதான் போய்ச் சேர்ந்தாவ. பெத்த மகனுக்குப் பயம் இருக்கா?"

"சும்மா இருட்டி."

ஹுஸைஃபா பின் சீட்டைத் தூக்கினான். மூடியைக் கழற்றிப் பம்பை உருவினான். தீய்ந்த வாடை.

"பாத்தியளா, கருகிட்டு. இது பெட்ரோல்ல முங்கியே கிடக்கணும். அதுதான் சூட்டத் தணிக்கும். நீங்க காஞ்ச டேங்கோட ஓட்டியிருக்கிய."

"முந்தாநாள்தான் டேங்கு நிறைய அடிச்சேன்."

"நிறையவா? ரெண்டு லிட்டர் தேறாது. முள்ளப் பாக்கலயா?"

"முள்ளு கீழதான் கிடந்துச்சு. முள்ளுல கோளாறுன்னு நினைச்சேன். இல்லன்னா, கிழட்டு வண்டி, ரொம்பக் குடிக்குதுன்னு விட்டுட்டேன்."

"இது அப்படிக் குடிக்கிற வண்டி இல்ல அண்ணாச்சி. யாரோ உறிஞ்சுதாவ."

மகாராஜா மெதுவாகத் திரும்பினான். காரை ஒட்டித்தான் தினமும் ஆட்டோ நிற்கும். ராத்திரி முழுக்க நிற்கும்.

நேரே ஆட்டோவுக்குப் போனான். பின் சீட்டைப் புரட்டினான். சுருட்டி வைத்த பச்சை டியூப். முகர்ந்தான். பெட்ரோல்.

"ஏலே, இது யாருது?"

சுடலைமுத்து தரையைப் பார்த்தான். "என்னுதுதான் அண்ணாச்சி."

"உறிஞ்சி எடுத்தது?"



மகாராஜா சட்டையைப் பிடித்தான். "நாலடி தள்ளி ரயிலுலே. என் பொண்டாட்டி உள்ள, என் பிள்ள உள்ள. எல்லாம் உன் திருட்டுப் புத்தியால. நட, ஸ்டேஷனுக்கு."

"சரி அண்ணாச்சி. போவோம்."

"ஏங்க, தள்ளிக் காப்பாத்தினதும் அவருதானே" என்றாள் முத்துச்செல்வி.

"திருடினவன் புண்ணியம் தேடுதான். ஆட்டோவப் பிடுங்கி வச்சாத் தெரியும்."

சுடலைமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஆட்டோவால். ஒரே ஒரு தடவை முப்பிடாதியம்மாளைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

மகாராஜா கையை ஓங்கினான்.

அந்தக் கையை முப்பிடாதியம்மாள் பிடித்தாள். கிராம்பைத் துப்பினாள். மகனுக்கு மிக அருகில் வந்து பேசினாள். அவன் மூக்கு தானாகச் சுருங்கியது.

"அவன விடுலே. கேட்டு வாங்கினேன், கொடுத்தான். டியூப்புதான் அவனுது. வாய் என்னுது."

"அம்மா?"

"வண்டி குடிக்கல ராசா. நீ குடிச்சிட்டு அந்த மலைய இறங்கி வரப்படாதுன்னு, தினமும் உறிஞ்சி வாய்க்கால்ல ஊத்தினது நான்தான்."