பொய்மீனைக் காப்பாற்றிய மத்தி

கடல்பாலத்திலிருந்து தூண்டில்காரர் மீன்களை ஏமாற்ற வீசிய மரப் பொய்மீன், தண்ணீரில் ஒய்யாரமாக நெளிந்து நெளிந்து போனது. தனக்கு முன்னால் நிஜ மீனெல்லாம் எம்மாத்திரம் என்று அதற்கு நினைப்பு. அப்போது ஒரு குட்டி மத்தி பதறியடித்துக்கொண்டு வந்தது.

“பெரிய பாரை மீன் வருதும்மா! தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ!”

சொல்லிக்கொண்டே மூக்கால் தள்ளியபோது, பொய்மீனில் இருந்த தூண்டில் முள் மத்தியின் உதட்டில் ஏறிவிட்டது.

தூண்டில்காரர் இரண்டையும் மேலே இழுத்து, பொய்மீனைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். மத்தியை உயிரோடு தக்கைக்குக் கீழே இரையாகக் கோத்து இறக்கினார். சற்று நேரத்தில் பாரை மத்தியை விழுங்கி மாட்டிக்கொண்டது.

பெட்டிக்குத் திரும்பிய தக்கையிடம் பொய்மீன் கூசிக் கூசிக் கேட்டது: “அது என்னைத் திட்டுச்சா?”

“இல்லையே. அந்தப் பிள்ளை தப்பிச்சிட்டாளான்னுதான் கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

பொய்மீன் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தது. பெயின்ட்டில் வரைந்த கண் எப்படி மூடும்?