குசினிக்குள் காற்று

கால்சா வட்டாரத்தில், வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டே அகஸ்ரீனா போனைப் பார்க்கிறாள். திரையில் ஆல்ப்ஸ் மலைச்சரிவு. அங்குள்ள ஹோட்டல் கமரா நிமிடத்துக்கொரு படம் அனுப்புகிறது. அந்த ஹோட்டல் குசினியில்தான் அவள் கணவன் பீலிக்ஸுக்கு மாரிகால வேலை. பனி சரிவதை அவதானித்துக் குறிப்பெடுக்கிறவர்களோடு மேலே ஏறமாட்டேன் என்று அந்தோனியார் சிலையைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனவன். “இஞ்சை காத்தே இல்லையப்பா. குசினிக்குள்ளை நிக்கிறன்,” என்கிறது ஸ்பீக்கரில் அவன் குரல். படத்தில் முகட்டுப் பனி புகையாகப் பறக்கிறது. காற்று குவித்த பனி முகட்டின் கீழே உதடுபோலப் பிதுங்கி நிற்கிறது. நேற்று அது இல்லை. அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ சீறுகிறது. குசினி விசிறி அப்படிச் சீறாது; மன்னார்க் கரையில் வளர்ந்தவளுக்குக் காற்றைத் தெரியும். லொறி மணல் கொட்டுவதுபோல் ஒரு நீண்ட முழக்கம். “என்ன சத்தம்?” என்கிறாள். “சட்டி ஒண்டு விழுந்திட்டுது.” சன்னல் வெளிச்சம் விரிப்பின்மேல் அசையாமல் கிடக்கிறது. அடுத்த படம் வருகிறது. பிதுங்கிய பனியைக் காணோம். சரிவில் நீளமாக ஒரு வெட்டு, அடியில் வெண்தூசி. படத்தின் ஓரத்தில், அவள் பல்லாறோ சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் ஜாக்கெட், காதில் கைவைத்தபடி நிற்கிறது. அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள். “சட்டியை எடுத்து வைச்சிட்டு,” என்கிறாள் மெதுவாக, “கீழை இறங்கி வாங்கோ.”