மாப்பிள்ளையின் தூக்கம்

சாப்பிட்ட கை காய்வதற்குள், மூட்டை தூக்கும் மருமகன் இரண்டு கம்பளியையும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். மகளைப் பார்க்க வந்திருந்த மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன மாப்பிள்ளை, பொண்டாட்டி இன்னும் ஐஸ் ஃபேக்டரியிலருந்து வரல. அதுக்குள்ள தூக்கமா?”

“தூங்கல அத்தை. சும்மா படுத்திருக்கேன்.”

“தினமும் இப்படித்தானா?”

“குளிர்காலம் முடியுற வரைக்கும் இப்படித்தான்.” சிரிக்க வேறு செய்தான்.

“நல்லா இருக்கு! எம்பொண்ணு ஐஸ்ல நிக்கணும், நீங்க கம்பளிக்குள்ள கிடக்கணுமா? காலையில அவளை எங்கூடக் கூட்டிட்டுப் போறேன்.”

சிரிப்பு நின்றது. ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை.

மகள் வந்தாள். விறைத்த விரல்களால் சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. அம்மா தன் முடிவைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே மகள் படுக்கைக்குப் போனாள்.

அவன் உருண்டு, ஈரம் கசியும் சுவரோரம் ஒதுங்கினான். சில்லிட்டதில் பல் கிட்டித்தது. இத்தனை நேரம் அவன் படுத்திருந்த சூட்டுக்குள் அவள் கால்களை நுழைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் படுத்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“காலையில எத்தனை மணிக்கும்மா கிளம்பணும்?” என்றாள் மகள், பாதித் தூக்கத்தில்.

“அங்க இதைவிடக் குளிரும்டி. நீ இங்கயே கிட.”