மணியடிக்கும் தம்பி அவர்களே

உலகில் பிறந்த எந்த மனிதனுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமே கிடையாது.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவன் தர்சிகன். லண்டனில் ஒரு கவுன்சிலின் கூட்ட அறையில், பொதுமக்கள் எழுந்து பேசும்போது நேரம் பார்த்து மணியடிப்பது அவன் வேலை. சின்னப் பித்தளை மணி. யாரையும் நம்பி மேசை லாச்சியில் விடமாட்டான்; கோட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொண்டுவருவான்.

பாதிரியாருக்கு அடித்திருக்கிறான். பேராசிரியருக்கு அடித்திருக்கிறான். வாசல் மரத்தை வெட்டவேண்டாம் என்று அழுத ஒரு பெண்மணிக்கு, அவர் மூக்கைச் சிந்தி முடிக்குமுன் அடித்திருக்கிறான்.

"முதல் ரெண்டு நிமிசம் தொண்டை செருமுறது. கடைசி ஒரு நிமிசம் நன்றி. நடுவில ஒண்டுமில்லை," என்பான்.

வெள்ளைக்காரராவது பரவாயில்லை, எங்கட சனத்துக்கு வணக்கம் சொல்லவே மூன்று நிமிடம் காணாது என்பது கண்டுபிடிப்பின் இரண்டாம் பாகம். கூட்டக் குறிப்பு எழுதும் மஹதிக்கு அதைக் கன்ரீனில் நடித்தே காட்டியிருக்கிறான்.

"பெருமதிப்புக்குரிய மைக்ரோவேவ் அவர்களே, அதனருகே வீற்றிருக்கும் கெற்றில் அவர்களே..."

அன்று மாலைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், குப்பைத்தொட்டி மூடிகளுக்கும் நடைபாதைப் புறாக்களுக்கும் நடுவில் ஒரு மண்டபம் வந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் தமிழ் முதியவர்கள் கூடிச் சாப்பிடும் மண்டபம். கூரை ஒழுகுகிறது, ஆட்களும் குறைவு, மூடிவிடலாம் என்று அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். மூடவேண்டாம் என்று சொல்ல ஒரே ஒருவருக்கு இடம்.

மண்டபத்தை நடத்தும் சயந்தினி, பத்மநாதனைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள்.

பத்மநாதனுக்குப் பெயர்கள் வருவதில்லை. மற்ற நாட்களில் கரண்டியைக்கூட 'அது' என்பார். செவ்வாயில் மட்டும், சோறு போடுமுன் அவரைத் தலைமை தாங்கச் சொல்வார்கள். எழுந்து நின்று, மேசை மேசையாக, அத்தனை பேரையும் பெயர் சொல்லி 'அவர்களே' போடுவார். ஒன்றும் பிசகாது. பிறகு இருந்து வயிறாரச் சாப்பிடுவார்.

மண்டபம் போனால் அந்த ஒரு நாளும் போய்விடும். 'எங்களுக்கு இந்த மண்டபம் வேணும்' என்று அவர் தன் வாயால் சொன்னாலே போதும் என்று சயந்தினி நம்பினாள். வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் வந்தாள்.

அவருடைய கோட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. காலையில் சரியாகத்தானே இருந்தது என்று தர்சிகன் நினைத்தான். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

"இண்டைக்கு நான் அடிக்கட்டே?" மஹதி மெதுவாகக் கேட்டாள்.

"ஏன், கை துருதுருக்குதோ? என்ர வேலையை நான் பாக்கிறன்."

பத்மநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். சபையைப் பார்த்தார். முகத்தில் செவ்வாய்க்கிழமை வந்தது.

"பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய, இச்சபையைத் தன் ஆற்றலால் அலங்கரித்துக்கொண்டிருக்கும் தலைவி அவர்களே..."

"ஹலோ," என்று மொழிபெயர்த்தாள் சயந்தினி.

கவுன்சிலர்களின் முன்னால் பெயர்ப்பலகை இருந்தது வசதியாய்ப் போயிற்று. எழுத்துக்கூட்டி வாசித்து ஒவ்வொருவரையும் அவர்களே ஆக்கினார். ஒவ்வொரு அவர்களேயும் ஆங்கிலத்தில் ஹலோ ஆனது. தண்ணீர் ஊற்ற வந்த பெண், புறாக்களைப் பற்றி முறையிட வந்திருந்த சவிரிமுத்தர், சுவரில் தொங்கிய மன்னர், ஒருவரையும் விடவில்லை.

"மண்டபம், அங்கிள், மண்டபம்," என்று சயந்தினி காதுக்குள் சொன்னாள்.

அவர் விளங்கியதுபோலத் தலையாட்டினார். "மண்டப வாசலைக் காத்து நிற்கும் காவலாளி அவர்களே..."

கடைசியாக மூலைப்பக்கம் திரும்பினார். அங்கே இருந்தவனுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மணியடிக்கும் தம்பி அவர்களே..."

தர்சிகன் மணியடித்தான். ஒரு நொடி முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

பத்மநாதன் மணிக்குக் கட்டுப்பட்டார். கைகூப்பி, நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். மண்டபத்தை மூடவேண்டாம் என்று அவர் சொல்லவேயில்லை.

கைகள் உயர்ந்தன. மூடுவதென்று முடிவானது.

அடுத்தது புறா. சவிரிமுத்தருக்கும் நேரத்துக்கு அடித்தான். மணி நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் தோன்றியது.

கூட்டம் முடிந்து, மணியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். வாசலோர வாங்கிலில் உட்கார்ந்து, அதன் விளிம்பை இறுகப் பிடித்தபடி பத்மநாதன் இருந்தார். சயந்தினி எதிரே ஓடி வந்தாள்.

"தர்சிகன், உம்மட அப்பா உம்மோட வீட்டை வரமாட்டாராம். முன்பின் தெரியாத பெடியனோட எப்பிடிப் போறதெண்டு கேக்கிறார்."

தர்சிகன் குனிந்து, அந்தக் கோட்டுப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் பூட்டப் போனான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

நிமிர்ந்தான். ஓரடி பின்னால் போனான். மஹதி எங்காவது நிற்கிறாளா என்று பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் பத்மநாதன் அவர்களே."

அவர் வாங்கிலை விட்டுவிட்டு நேராக இருந்தார். மிச்சத்துக்குக் காத்திருந்தார்.

"அருகில் நிற்கும் சயந்தினி அவர்களே. இவ்வாசலை அலங்கரிக்கும்... கதவு அவர்களே."

பத்மநாதன் எழுந்து கையை நீட்டினார்.

தெருவில் இறங்கிய பிறகும் அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் நின்றுவிடுகிறார். பஸ் தரிப்பிடம் அவர்களே, சேலைக்கடைப் பொம்மை அவர்களே என்று அடக்கமான குரலில் சொல்லிக்கொண்டே, வீடிருக்கும் இல்ஃபோர்டுக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனை நோக்கி நடந்தான்.

ஒரு கை அவர் கையைப் பிடித்திருந்தது. மற்றக் கை கோட்டுப் பைக்குள், மணியின் நாக்கைப் பிடித்திருந்தது.