அம்பு காட்டிய வழி

மோட்டார் தொழிற்சாலைக்கு, ஆட்கள் கண்ணில் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் புதுக் கண்ணாடி வந்த நாளிலிருந்து போர்மேனின் வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. எந்த போல்ட்டை முதலில் முடுக்குவது, எந்த ஒயரை எங்கே செருகுவது, எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் தெரியும் பச்சை அம்பே காட்டிவிடுகிறது. நேற்று சேர்ந்தவன்கூட அம்பு போன பக்கம் கையை நீட்டி மோட்டாரைப் பூட்டி முடிக்கிறான்.

இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளும்படி முதலாளி அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மகளை இப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தார் போர்மேன். சும்மா போகிற ஆள் நானில்லை என்று கறுவிக்கொண்டார்.

அம்பு எதை எதைக் காட்ட வேண்டும் என்று கண்ணாடிக்குப் பாடம் ஏற்றும் வேலை மட்டும் இன்னும் அவர் கையில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கமுக்கமாக ஒரு புதுப் பாடத்தை ஏற்றினார். ஸ்டோரில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்களை எடுத்து, பின்வாசலில் நிற்கும் வேனில் அடுக்க வேண்டும். வேன் அவருடைய மச்சானுடையது.

அம்பு காட்டியது. ஆட்கள் சிரத்தையாக அடுக்கினார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேன் நிறைந்ததுதான் தாமதம், போர்மேன் மூச்சிரைக்க ஓடிப்போய் முதலாளியைக் கையோடு கூட்டிவந்தார்.

"பாத்தீங்களா முதலாளி? எவனோ கண்ணாடியில கை வெச்சிருக்கான். நம்ம சரக்கை நம்ம ஆளுங்களே திருடனுக்கு ஏத்திக் குடுக்கறாங்க. மேல ஒரு மனுஷன் இல்லன்னா இதான் கதி."

முதலாளி வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சுருள் தூக்கிய ஒருவனை நிறுத்தி, இது யாருக்குப் போகிறது, பில் இருக்கிறதா என்று விசாரித்தார். அம்பு காட்டியது, ஏற்றினோம் என்றான் அவன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

"ஏன், எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கலையா?"

"ஒருத்தனும் கேக்கலைங்க" என்றார் போர்மேன். வேலை தப்பித்துவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

முதலாளி அவர் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீ மாசக் கடைசி வரைக்கும்கூட இருக்க வேணாம், இன்னிக்கே கிளம்பு. பில் போடாம சரக்கு அனுப்பறதுக்கு இப்படிக் கேள்வி கேக்காத ஆளுங்க கிடைக்காமத்தான் நான் இத்தனை வருஷமா தவிச்சிட்டிருந்தேன்."