கெடு முடிந்த மறுநாள்

"இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே ஆறுச்சாமி கேட்டைப் பூட்டினார்.

கொழிஞ்சாம்பாறையில் பட்டப்பகலில் கேட்டைப் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு வீடுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், கால்வாய் ரோட்டு வளைவில் அவர் ஓட்டிய டிராக்டரும், பக்கத்துத் தோட்டத்துச் சரஸ்வதியின் மகன் சந்துரு ஓட்டி வந்த பைக்கும் மோதிக்கொண்டன. சந்துருவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. டிராக்டரில் உட்கார்ந்திருந்த ஆறுச்சாமியின் மனைவி சாந்தம்மாள் கீழே விழுந்ததில் தோள்பட்டை உடைந்தது.

டிராக்டரின் இன்ஷுரன்ஸ் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"அவங்க நஷ்டஈடு கேட்டா முழுசும் நீங்கதான் கட்டணும். தோட்டம் ஜப்திக்கு வரும்" என்றார் வக்கீல். "ஆனா ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும்னு சட்டம். அதுவரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி."

போகவில்லை. சாந்தம்மாளையும் விடவில்லை. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே ஆறுச்சாமி உள் அறைக்குப் போய்விடுவார்.

"அவிய போலீசுக்குக்கூடப் போகலீங்களே" என்றாள் சாந்தம்மாள்.

"அதுதான் எனக்குப் பயமே. சத்தமில்லாம இருந்து கடைசி நாள்ல போட்டுருவாங்க."

கெடுவின் கடைசி நாளான அன்று பத்து மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் சரஸ்வதி. கையில் ஒரு ஃபைல். பாலக்காடு பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

"போயிட்டா. கோர்ட்டுக்குத்தான்."

அன்று அவர் சாப்பிடவில்லை. தென்னை மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை வக்கீல் போன் செய்தார். "கோர்ட் சைட்ல பாத்துட்டேன். உங்க பேர்ல ஒண்ணுமில்ல. நிம்மதியா இருங்க."

போனை வைப்பதற்குள் கேட்டைத் தட்டும் சத்தம்.

சரஸ்வதி நின்றுகொண்டிருந்தாள். ஆறுச்சாமிக்குச் சாவி பூட்டுக்குள் போகவில்லை.

உள்ளே வந்தவள் நேராகச் சாந்தம்மாளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோள் எப்படி இருக்குதுங்க்கா?"

"வலி இருக்குது அம்மிணி. என்ன, திடீர்னு..."

"எம் பையனுக்கு லைசென்ஸ் இல்லீங்க்கா. நீங்க கேஸ் போட்டா எங்க ஊடு வாசலே போயிருமின்னு எங்க வக்கீல் பயமுறுத்தீட்டாருங்க. உங்களப் பாக்கவே கூடாதுன்னாருங்க. நேத்துப் போய்க் கேட்டேன். சாயங்காலத்தோட கெடு முடியுதுன்னாரு. அதான் ஓடி வந்தேன்."

ஆறுச்சாமிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"ஓஹோ. கெடு முடியட்டும்னு காத்திருந்து வர்றீங்களா? ஆறு மாசம் இவ வலியில கெடந்தா. பக்கத்துத் தோட்டம். ஒரு வார்த்தை, எப்படி இருக்கீங்கன்னு கேக்கத் தோணல. மனுசங்களா நீங்க?"

சரஸ்வதி சாந்தம்மாளின் கையை விட்டாள்.

சாந்தம்மாள் கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தப் பையன் நடக்கறானான்னு நாம இன்னும் கேக்கவே இல்லீங்களே."